பதினேழு வரிகள்

"எட்டு வருஷமா வாசல்ல வெச்சிருக்கேன் மேடம். ஒருத்தர்கூட எடுத்துக்கலை" என்றார் சிவசைலம்.

ஜுலைகா ஒரு பழைய கோப்புக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"பூட்டு ஏதாவது போட்டிருக்கீங்களோ?"

"பூட்டே கிடையாது. எடுத்துக்கலாம், மாத்திக்கலாம், அடுத்தவங்களுக்கும் கொடுக்கலாம்னு மேலேயே எழுதியிருக்கேன்."

சிவசைலம் மருதவேலி நகராட்சியின் கணினிப் பிரிவில் இருந்தார். பிறப்பு, இறப்புச் சான்றிதழ் வழங்கும் மென்பொருளை அவரே எழுதினார். ஒரு நகராட்சி எழுதி முடித்ததை இன்னொரு நகராட்சி முதலிலிருந்து எழுதுவானேன் என்று, உள்ளே இருக்கும் ஒவ்வொரு வரியும் தெரியும்படி இணையத்தில் பொதுவில் வைத்தார். யார் எடுத்தார்கள் என்று அந்த இடம் சொல்லாது. எனவே நாற்பத்தொரு நகராட்சிகளுக்குக் கடிதம் போட்டார். ஒரு பதிலும் வரவில்லை.

ஜுலைகா பக்கத்து ஊரான நெடுங்கரையில் நகராட்சிப் பதிவறையின் பொறுப்பாளர். கோப்பைத் தேடி அவரிடம் வருகிறவர்கள் வேறு எதையோ கண்டுபிடித்துக்கொண்டு போவார்கள் என்று பெயர். சிவசைலம் மாதம் ஒருமுறை பின்வாசல் வழியாக வந்து அவர் எதிரே உட்காருவார். ஆக, இந்தக் கதையில் சீடர் குருவைவிடப் பதினாறு வயது மூத்தவர். குருவுக்குத் தாடி அவசியம் என்பவர்கள் மன்னிக்கவும்.

"இந்த மாசக் கடைசியில ரிட்டயர் ஆகுறேன். மறுநாளே எங்க ஆபீஸ்ல அதை நிறுத்திட்டு வேற ஒண்ணைக் கொண்டுவர்றாங்க. எங்கேயாவது, யாரோ ஒருத்தர் மேசையில அது உயிரோட இருக்குன்னு தெரிஞ்சாப் போதும் மேடம். வேற ஒண்ணும் வேண்டாம்."

"உங்க ஊர்ல தேர் எப்போ?"

சிவசைலத்தின் முகம் மலர்ந்தது.

"மாசி மகம். வர்ற திங்கக்கிழமை. உள்ளூர் விடுமுறை. அதைக்கூட உள்ளே எழுதி வெச்சிருக்கேன். எந்த வருஷமா இருந்தாலும் நட்சத்திரத்தைத் தானே கணக்குப் போட்டு அன்னிக்குக் கவுண்ட்டரை மூடிக்கும். பதினேழே வரி!"

"அன்னிக்குக் கல்மேட்டுக்குப் போய் ஒரு பிறப்புச் சான்றிதழ் கேளுங்க."

"தேரன்னிக்கா? முப்பது வருஷமா வடம் தொடாம இருந்ததில்லை. சர்வீஸ்ல இதுதான் கடைசித் தேர்."

"அப்ப வடம் தொடுங்க."

ஜுலைகா கோப்புக்குத் திரும்பிவிட்டார்.

 

கல்மேடு மலை ஊர். ஐந்து மணி நேரப் பயணம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சிவசைலம் கடிகாரத்தைப் பார்த்தார். இப்போது வடம் பிடித்திருப்பார்கள். இப்போது கிழக்கு வீதி.

நகராட்சிக் கவுண்ட்டரின் முன்னால் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். பின்னால் உதவியாளர் பேச்சிராஜ் ஒரு தூக்குவாளியிலிருந்து எல்லாருக்கும் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பிறப்புச் சான்றிதழ்..."

"இன்னிக்குக் கம்ப்யூட்டர் திறக்காதுங்க."

"கரண்ட் இல்லையா?"

"எல்லாம் இருக்கு. வருஷத்துல ஒரு நாள் இப்படித்தான் அடம்பிடிக்கும். ஒரு வருஷம் பிப்ரவரி, ஒரு வருஷம் மார்ச். ஏன்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு வாரம் முன்னாடியே 'விடுமுறை'ன்னு திரையில காட்டிடும். நாங்களும் பழகிட்டோம். அன்னிக்கு ரூமைக் கழுவி விட்டு, ஆளுக்கொண்ணு சமைச்சுக் கொண்டாருவோம். இந்தாங்க, எடுத்துக்குங்க."

சிவசைலம் சுண்டலை வாங்கினார். வாயில் போட மறந்தார்.

"இந்த மென்பொருள் உங்களுக்கு ஏது?"

"யாரோ புண்ணியவான் பொதுவுல வெச்சிருந்தார். எடுத்துப் போட்டுக்கிட்டோம். தங்கமான சாமான் சார். இங்க மலைமேல வீட்டுப் பிரசவம் ஜாஸ்தி. நேரம் கேட்டா 'கோழி கூவினப்போ'ம்பாங்க. அதை எழுத நாங்களே ஒரு கட்டம் சேர்த்துக்கிட்டோம்."

"அந்தப் புண்ணியவானுக்கு ஒரு வரி எழுதினீங்களா?"

"ஐயோ! எழுதினா, எந்த உத்தரவுப்படி எடுத்தீங்க, கோப்பைக் காட்டுங்கம்பாங்க. வம்பு."

அந்தப் பெண் சிவசைலத்தின் பக்கம் திரும்பினாள்.

"சார், நீங்க மேலதிகாரியா? நாளைக்கு விடிகாலையில பிள்ளைக்கு ஆபரேஷன். காப்பீட்டுல அவ பேரைச் சேர்க்க இந்தக் காகிதம் வேணுமாம். எஸ்டேட்லேர்ந்து முதல் பஸ்ஸுக்கு வந்தேன்."

"நாளைக்கு வாம்மா, நானா மாட்டேன்கிறேன்?" என்றார் பேச்சிராஜ். குரலில் வருத்தம் இருந்தது.

சிவசைலம் சுண்டலை மேசையில் வைத்தார்.

"நான் கொஞ்சம் உட்காரலாமா?"

கணினி கடவுச்சொல் கேட்டது. 'மருதவேலி' என்று அடித்தார். திறந்தது.

"முதல்ல இதை மாத்துங்க" என்றார்.

"சார், நீங்க யாரு?"

சிவசைலம் விடுமுறைப் பகுதியைத் திறந்தார். அந்தப் பதினேழு வரிகள் எட்டு வருடத்துக்கு முன் எழுதியபடியே இருந்தன. இந்நேரம் தேர் தெற்கு வீதி திரும்பியிருக்கும்.

அழித்தார். மொத்தமாக ஒரே தட்டில் அழித்திருக்கலாம். ஒவ்வொரு வரியாக அழித்தார்.

அந்த இடத்தில் ஒரு வெற்றுக் கட்டம் வைத்தார். அதன்மேல் 'உங்கள் ஊர் விடுமுறை' என்று எழுதினார்.

கவுண்ட்டர் திறந்தது. சான்றிதழ் அச்சாகி வந்தது. பிறந்த நேரம்: கோழி கூவியபோது.

 

மறுநாள் காலை சிவசைலம் எல்லாவற்றையும் ஜுலைகாவிடம் சொன்னார்.

"சரிசெஞ்சதைப் பொதுவுல வெச்சீங்களா?"

"இல்லை. கல்மேட்டுல மட்டும்தான்."

"வைங்க. எதை எடுத்தீங்கன்னு ஒரு வரி எழுதுங்க. கீழே உங்க பேரு, செல் நம்பர்."

"யார் பார்க்கப்போறா மேடம்? இருக்கிறது கல்மேடு ஒண்ணு. அது போதும் எனக்கு."

"வைங்க."

'மாசி மக விடுமுறை நீக்கப்பட்டது' என்று எழுதி வைத்தார். அந்த மென்பொருள் எங்கே ஓடினாலும் அங்கே திரையில் இந்த வரி தானே வரும். தேநீர் வந்தது. அது ஆறுவதற்குள் கைப்பேசி அடித்தது.

"ஹலோ, சிவசைலம்ங்கிறது யாரு? திரையில உங்க பேரு வந்திருக்கு. வருஷத்துல ஒரு நாள் மூச்சு விடக் கிடைச்சுது எங்களுக்கு. அதை எடுத்தது நீங்கதானா?"

சிவசைலம் எழுந்து நின்றுவிட்டார்.

"எந்த ஊர்லேர்ந்து பேசுறீங்க?"

"ஊரெல்லாம் எதுக்கு? லீவைத் திருப்பிப் போடுங்க."

வைத்துவிட்டார்கள். உடனே இன்னொரு அழைப்பு.

"சார், அன்னிக்குத்தான் நாங்க எல்லாரும் ஒரே கலர்ல சேலை கட்டிட்டு வருவோம். இப்படிப் பண்ணிட்டீங்களே."

"அம்மா, எந்த ஊரு? ஊர் பேரை மட்டும் சொல்லுங்க."

சொல்லவில்லை. அடுத்து வந்தவர் தன் பெயரைக்கூடச் சொல்லவில்லை, திட்டிவிட்டு வைத்தார். சிவசைலம் ஒவ்வொருவரிடமும் ஊரைக் கெஞ்சிக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

மீண்டும் அடித்தது.

"வணக்கம் சார்" என்றது தயங்கித் தயங்கி ஒரு ஆண் குரல். "ஒரு சின்ன மனவருத்தம். அந்த லீவு..."

அந்தக் குரல் கைப்பேசியில் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கத்துக் கவுண்ட்டரிலிருந்தும் கேட்டது.

சிவசைலம் ஜுலைகாவைப் பார்த்தார்.

ஜுலைகா கோப்புக் கட்டின் முடிச்சை இறுக்கினார்.

"அதட்டிடாதீங்க சார். பயந்த சுபாவம்."