முப்பதாம் நாள் தராசு

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் மாதம்மாள் என்ற மருத்துவச்சி இருந்தாள். வயது முப்பத்திரண்டு. அவளிடம் தொழில் கற்க வந்த பொன்னுருவிக்கு ஐம்பது. குரு இளையவள், சிஷ்யை மூத்தவள். யார் யாரை அக்கா என்று கூப்பிடுவது? கடைசியில் இரண்டு பேருமே அக்கா என்றார்கள்.

அந்த ஊரில் தண்ணீருக்குப் பெரும் கஷ்டம். மலை ஏறிச் சுனையில் மொண்டு, தலையில் தூக்கி வரவேண்டும். பொன்னுருவி இன்றைக்கு ஒரு பானை, நாளைக்கு ஒரு பானை, நாளை மறுநாளைக்கு ஒரு பானை என்று மூடி வைத்தே பழகியவள்.

ஐப்பசியில் சாலம்மாளுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது. இரண்டும் ஆண்.

பிறந்த பிள்ளையைத் தராசில் வைத்து, அதன் எடைக்குக் கேழ்வரகு போடுவது அந்த ஊர் வழக்கம். அந்தக் கேழ்வரகைத் துணியில் முடிந்து உத்தரத்தில் தொங்கவிடுவார்கள். முப்பதாம் நாள் அதே முடிச்சோடு பிள்ளையை மறுபடி நிறுப்பார்கள். பிள்ளை இருக்கும் தட்டு கீழே இறங்கினால் ஊருக்கெல்லாம் வெல்லம்.

சாலம்மாள் வீட்டில் இரண்டு முடிச்சு தொங்கியது. பெரியவனுடையது பெரிது. சின்னவனுடையது கைக்குள் அடங்கிவிடும்.

நாத்தனார் நஞ்சம்மாள் பார்க்க வந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம், அவளுக்குப் பிள்ளை இல்லை. அவள் வீட்டில் கறவை எருமை இருந்தது.

“ஒரு உடம்பு, ரெண்டு வாய். எப்படிம்மா தாங்கும்? சின்னவனை எனக்குக் கொடுத்துடு. நான் வளர்த்துக்கறேன்” என்றாள். கெட்ட மனசில்லை. கேட்கும்போதே அவளுக்குக் கண் கலங்கியது.

மாமியார் தலையாட்டினாள். புருஷன் தரையைப் பார்த்தான். முப்பதாம் நாள் சின்னவன் தட்டு இறங்காவிட்டால் அவன் நஞ்சம்மாளுக்கு என்று முடிவானது.

சாலம்மாள் சின்னவனை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அந்தச் சமயம் பார்த்து வேற்றூரில் ஒரு சிக்கலான பிரசவம். மாதம்மாள் போகவேண்டியிருந்தது. சாலம்மாளைப் பொன்னுருவியிடம் விட்டுப் போனாள்.

ஆறு நாள் கழித்துத் திரும்பியபோது தெருமுனையிலேயே இரண்டு பிள்ளைகளின் அழுகை கேட்டது.

“என்னக்கா இது?” என்று கேட்டாள் மாதம்மாள்.

பொன்னுருவி பெருமையோடு சொன்னாள். “மிச்சம் பிடிச்சு வெச்சிருக்கேன்க்கா. காலையில பெரியவனுக்கு, சாயங்காலம் சின்னவனுக்கு. நடுவுல ரெண்டு பேருக்கும் சர்க்கரைத் தண்ணி. மாரு நல்லா நிறையட்டும்னு விட்டு வெச்சிருக்கேன்.”

“நிறைஞ்சுதா?”

“அதான் தெரியல. நாளுக்கு நாள் குறையுது. பால் சுரக்க மருந்து இருந்தா சொல்லுங்க, இப்பவே அரைக்கறேன்.”

மாதம்மாள் இரண்டு பிள்ளைகளையும் எடுத்து, பக்கத்துக்கு ஒன்றாய்ச் சாலம்மாள் மாரில் போட்டாள்.

“ஐயோ! இருக்கறதையும் வழிச்சுடுவானுங்க!” என்று பதறினாள் பொன்னுருவி.

“உட்காருங்கக்கா. இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தப்போ எத்தனை குடம் தூக்குவீங்க?”

“ஒண்ணுதான். அதுக்கே கழுத்து ஒடிஞ்சு போச்சுன்னு அழுதேன். எங்கம்மா வீட்ல வாசல்லயே கிணறு.”

“இப்போ?”

“தலையில ரெண்டு, இடுப்புல ஒண்ணு. சுமந்துக்கிட்டே சண்டையும் போடுவேன்.”

“கழுத்துக்கு என்ன மருந்து அரைச்சீங்க?”

“மருந்தா? மறுநாளும் தூக்கினேன். அவ்வளவுதான்.”

“தூக்காம, கழுத்துல பலம் சேரட்டும்னு படுத்துக் கிடந்திருந்தா?”

பொன்னுருவி கழுத்தைத் தடவிக்கொண்டாள்.

“சர்க்கரைத் தண்ணியை எறும்புக்கு ஊத்துங்க. இவளுக்குக் களி கிண்டுங்க” என்றாள் மாதம்மாள்.

சாலம்மாள் மெதுவாகக் கேட்டாள். “எனக்கு வருமாக்கா?”

“அதை என்கிட்ட கேட்காத. அவனுங்களைக் கேட்க விடு.”

பிள்ளைகள் கேட்டார்கள். அழுதபோதெல்லாம் கேட்டார்கள். முதல் நாள் சப்பிச் சப்பி அழுதார்கள். இரண்டாம் நாளும் அழுகைதான், ஆனால் நடுநடுவே தூங்கினார்கள்.

மூன்றாம் நாள் காலை சாலம்மாளின் ரவிக்கை நனைந்திருந்தது. பிள்ளைதான் நனைத்துவிட்டது என்று பொன்னுருவி மாற்றுத் துணி எடுத்து வந்தாள். கழற்றியதை முகர்ந்து பார்த்தாள். பால் வாசம் அடித்தது.

சாலம்மாளுக்கு அன்றிலிருந்து அப்படி ஒரு பசி. இரண்டு உருண்டை தின்றவள் நாலு தின்றாள்.

“இவ பிள்ளை பெத்தவளா, ஏர் ஓட்டினவளா?” என்றாள் மாமியார்.

“ரெண்டும்தான் அத்தை. இன்னொரு உருண்டை போடுங்க.”

அந்த வீட்டில் அவள் பதில் பேசியது அதுதான் முதல் தடவை.

முப்பதாம் நாள் வந்தது. வாசலில் தராசு கட்டினார்கள். நஞ்சம்மாள் தூளிக்குப் புதுச் சேலை வாங்கி மடித்து எடுத்து வந்திருந்தாள். சாலம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சின்னவனை ஒரு தட்டில் வைத்தார்கள். இன்னொன்றில் அவனுடைய முடிச்சு.

ணங்கென்று தட்டு தரையில் இடித்தது. முடிச்சு மேலே போய் ஆடியது. பெண்கள் குலவை போட்டார்கள். மாமியாரே வெல்லத்தை உடைத்தாள்.

“பெரியவனையும் கொண்டாங்க” என்றாள் மாதம்மாள்.

முடிச்சை எடுத்துவிட்டு அந்தத் தட்டில் பெரியவனை வைத்தாள். ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் தம்பி. தராசு இப்படி ஆடியது, அப்படி ஆடியது. சமமாய் நின்றது.

சின்னவன் காலை உதைத்துக் கொட்டாவி விட்டான். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

நஞ்சம்மாள் மட்டும் சேலையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படி இறங்கினாள்.

“அண்ணி, எங்க போறீங்க?” சாலம்மாளின் குரல் தெருவுக்கே கேட்டது. “பால் ரெண்டு பேருக்கும் இருக்கு. ரெண்டு பேரையும் ஆட்டத்தான் கை இல்ல. அந்தத் தூளியை இங்கயே கட்டுங்க.”

நஞ்சம்மாள் திரும்பி வந்தாள்.

பொன்னுருவி தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குருவின் பக்கத்தில் வந்து ரகசியமாகக் கேட்டாள்.

“அக்கா, ஒருவேளை மூணா பிறந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

மாதம்மாள் வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டாள்.

“இன்னொரு தட்டு தேடியிருப்பேன்.”