நிழல் அளக்க வந்த கொத்தன்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, கரடியே கம்பளி கேட்ட ஒரு குளிர்காலத்துல, பால்கன் மலை இடுக்குல வ்ரானோவோன்னு ஒரு குட்டி ஊரு. அங்க ஆத்துக்குப் பாலம் கட்ட வந்தான் ஒரு கொத்தன். அவனுக்கு நிழலே கிடையாது!

வெயில்ல நிக்கிற ஆளோட நிழலைக் கயித்தால அளப்பான். கயித்தைப் பாலத்துச் சுவருக்குள்ள வெச்சுப் பூசுவான். பூச்சு காயக் காய அந்த ஆளு கல்லாயிடுவாரு. முதல் வளைவுக்கு ரொட்டிக்காரரு போனாரு. ரெண்டாவதுக்கு ஆட்டுக்காரரு போனாரு. அப்புறம் பகல்ல ஊரே கதவைச் சாத்திக்கிச்சு. வெயில் வந்தா பிள்ளைங்க கட்டிலுக்கு அடியில!

மூணாவதா மாட்டுனது மாவு அரைக்கிற ஸ்தோயான். மக தெசங்கா ஓடி வந்து பார்த்தா, அப்பாவோட பாதம் கல்லு.

"வலிக்குதாப்பா?"

"வலிச்சா சந்தோஷப்படுவேன்மா. ஒண்ணுமே தெரியல. பாவி, என் மூஞ்சியக்கூடப் பார்க்கல. தரையையே பார்த்து மூணு தடவை அளந்தான். அளவு தப்பினா சுவரு அளந்தவனையே புடிச்சுக்கும்னு முனகிக்கிட்டே அளந்தான்."

வீட்டுச் சுவத்துல அப்பாவோட குல்லா தொங்குச்சு. குளிர்காலப் பேயை விரட்ட வருஷா வருஷம் ஊரு ஆம்பளைங்க மாட்டிக்கிட்டு ஆடுற ஆட்டு ரோமக் குல்லா. ஆள் உசரம் இருக்கும். இந்த வருஷம் பயத்துல யாரும் தொடல. தெசங்கா அதை மாட்டிக்கிட்டு வெயில்ல போய் நின்னா.

"கொத்தா! எங்கப்பாது கிழட்டு நிழலு, பாலம் ஆடும். அதை எடுத்துட்டு என்னோடதை வை."

கொத்தன் நிமிரல. தரையைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினான். "அடேயப்பா, என்னா நீளம்! என்ன திங்கிற பொண்ணே?"

"பயத்தைத்தான். ஊருல அதுதான் நிறைய விளையுது."

ஒருதரம் அளந்தான். ரெண்டுதரம் அளந்தான். மூணாந்தரமும் அளந்தான். பழைய கயித்தை உருவிட்டுப் புதுசை வெச்சுப் பூசினான்.

தெசங்காவுக்குப் பாதம் மரத்துச்சு. இடுப்பு மரத்துச்சு. கழுத்து மரத்துச்சு. குளிரு இன்னும் மேல ஏறுச்சு, குல்லாவுக்குள்ள தேடுச்சு. அங்க ஆளு எங்க இருக்கு? வெறும் ஆட்டு மயிரு!

சுவரு உறுமுச்சு. காத்து குல்லாவைத் தூக்கிடுச்சு. கொத்தன் முதல் தடவையா நிமிர்ந்து பார்த்தான்.

"இவ்ளோதானா நீ?"

"இவ்ளோதான்."

அவன் வாய் மூடுறதுக்குள்ள கல்லாயிட்டான். தெசங்காவுக்கு உடம்புல சூடு வந்துச்சு. ஸ்தோயான் எந்திரிச்சாரு. ஆட்டுக்காரரு தும்முனாரு. ரொட்டிக்காரரு, "ஐயோ, அடுப்புல ரொட்டி!"ன்னு ஓடினாரு.

பாலம் இன்னும் நிக்குது, கொத்தனும் நிக்கிறான், கையில கயித்தோட. அவ்வளவுதான் கதை, எல்லாரும் வீட்டுக்குப் போங்க. போறப்ப, பின்னாடி நிழலு வருதான்னு ஒருதரம் பார்த்துக்குங்க.