மடுவில் எவ்வளவு?

கழிமுகத்துத் தண்ணீரை ஆராய்ந்துவந்த அருமைச்செல்விக்கு இரண்டு மாணவர்கள். மூத்தவர் தில்லைக்கரசு, ஆசிரியையைவிடவே எட்டு வயது பெரியவர். ஒன்பது வருஷமாக ஆற்றின் ஆழமான மடுவில் ஆக்சிஜன் அளந்துவந்தார். இளையவள் சபுரா வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

அட்டமியை ஒட்டி ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம், மெலியும். மடுவின் அடித்தண்ணீர் புரளாமல் கிடந்து ஆக்சிஜன் இழக்கும். அது மேலே பரவினால், ஆற்றில் கூண்டு கட்டி வளர்க்கும் மீன்கள் செத்து மிதக்கும். என்றைக்கு அப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல ஒரு கணக்குப் போட்டாள் சபுரா.

ஊர்க்கூட்டத்தில் அதைச் சொல்ல ஆசிரியை அவளையே எழுப்பிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பயமில்லை" என்றாள் சபுரா. மீன் வளர்க்கும் பெண்கள் பாராட்டி அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

தில்லைக்கரசுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்தக் கணக்கில் இருந்ததெல்லாம் அவர் அளந்த எண்கள்.

புதன்கிழமை காலை மடுவில் கருவியை இறக்கினார். லிட்டருக்கு ஐந்து மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்று காட்டியது. மறுபடி இறக்கினார். ஒன்றுதான்.

அவள் கணக்கு தப்பு. இனி ஊரே பார்க்கும்.

போன் அடித்தது. கூண்டு மீன் வளர்க்கும் பூங்காவனம். சபுராவின் புகழ் பாடத்தான் இருக்கும் என்று அவர் எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்து ஓய்ந்தது.

வெகுநேரம் படகிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, கரையேறி நேரே ஆசிரியையிடம் போனார்.

"ஒண்ணு கேக்கணும் மேடம். சபுரா என்னைவிட எதுல ஒசத்தி?"

"இன்னைக்கு மடுவில எவ்வளவு?"

"ஒண்ணு."

"எப்ப பாத்தீங்க?"

"ஏழு மணிக்கு."

சுவர்க் கடிகாரத்தில் பத்தரை. ஆசிரியை எழுந்து படகுத்துறைக்கு நடந்தார். தில்லைக்கரசும் பின்னால் போனார்.

சபுரா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, ஊர்க்காரர்களோடு கூண்டுகளை, கடல் தண்ணீர் வரும் முகத்துவாரத்துப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள். ஆறு கூண்டுகளில் நாலு நகர்ந்திருந்தன. மற்ற இரண்டில் கொடுவா மீன்கள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன.

பூங்காவனம் கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள்.

"சபுராப் பொண்ணு விடியக்காலையிலயே போன் பண்ணிச்சு சார். 'காத்து சுத்தமா நின்னுபோச்சு, தண்ணி புரளாது, என் கணக்கு தப்பினாலும் தப்பும், எதுக்கும் தில்லைக்கரசு சாரைக் கேட்டுக்குங்க, அந்த மடுவைப் பத்தி அவருக்குத் தெரியாதது இல்ல'ன்னு சொல்லிச்சு. ஏழு மணிக்கு மூணு தடவை போட்டேன். நீங்க எடுக்கல. மீனு மேல வந்து வாயைப் பொளந்தப்புறந்தான் இழுக்க ஆரம்பிச்சோம்."

பூங்காவனம் செத்த மீன்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"மடுவில எவ்வளவு சார் இருந்துச்சு?"

தில்லைக்கரசு ஆசிரியையைத் திரும்பிப் பார்த்தார். "மேடம், நான் உங்ககிட்டக் கேட்டது…"

"அது இருக்கட்டும்" என்றார் அருமைச்செல்வி. "அந்தம்மா ஏழு மணிக்கே, உங்களுக்கு முன்னாடியே கேட்டுட்டாங்க. முதல்ல அவங்களுக்குப் பதில் சொல்லுங்க."