'நாளைக்கு' சொன்னவன் மறைந்த கதை

மலையெல்லாம் இன்னும் குட்டியாகத் தவழ்ந்துகொண்டிருந்த காலத்திலே, ஆற்றுக்கு நடக்கத் தெரிந்தும் சலசலக்கத் தெரியாமல் இருந்த காலத்திலே, மாந்தோப்பூர் என்று ஓர் ஊர். அந்த ஊரில் சடையன் என்று ஒரு குடியானவன். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். எட்டு வயதில் மயிலி என்று ஒரே மகள். அவள்தான் அவனுக்கு உயிர்.

கெட்டவன் இல்லை சடையன். ஆனால் ஒரு வார்த்தை அவன் நாக்கிலேயே குடியிருந்தது. 'நாளைக்கு.'

மழை பொய்த்த வருஷம் எதிர்வீட்டு வெள்ளையம்மாவிடம் இரண்டு மரக்கால் விதைநெல் கடன் வாங்கினான். "அறுத்ததும் தந்துடறேன் அக்கா" என்றான். அறுத்தான். பத்தாயம் நிறைந்தது. அள்ளிக் கொடுக்கத்தான் கை வரவில்லை. கொடுத்தால் குறையுமே என்ற நினைப்பு ஒரு பக்கம். இத்தனை நாள் கழித்து எந்த முகத்தோடு கொண்டுபோவது என்ற வெட்கம் ஒரு பக்கம். கேட்டபோதெல்லாம் 'நாளைக்கு' என்றான். பிறகு கேட்கவே விடவில்லை. கிணற்றடியில் அவளைப் பார்த்தால் வேலி தாண்டினான். கோயிலில் பார்த்தால் தூணுக்குப் பின்னால் போனான். சந்தையில் பார்த்தால் வெங்காய மூட்டைக்குள்ளேயே போகப் பார்த்தான்.

ஒருநாள் அப்படித்தான், வெள்ளையம்மா வருகிறாள் என்று கள்ளிப் புதருக்குள் பாய்ந்தான்.

"யார்ரா அது, என் மடியிலே வந்து உட்கார்றது?"

அலறி எழுந்து பார்த்தால், புகை மாதிரி தாடியோடு ஒரு மந்திரவாதி.

"மன்னிக்கணும் சாமி. அதோ வராளே, அந்த அம்மா கண்ணிலே நான் படக்கூடாது."

"கடனா?"

சடையன் தலையைச் சொறிந்தான். மந்திரவாதி சிரித்துக்கொண்டே ஒரு கொட்டாங்குச்சியை நீட்டினான். அதில் கறுகறுவென்று மை.

"புருவ நடுவிலே வச்சுக்கோ. யாருக்கெல்லாம் நாளைக்கு நாளைக்குன்னு சொல்லி வச்சிருக்கியோ, அவங்க கண்ணுக்கு நீ தெரியமாட்டே. உன் குரலும் கேட்காது."

"அடேங்கப்பா! விலை என்ன சாமி?"

"ஒரு சேவல்."

"நாளைக்குத் தரேன்" என்று சொல்லிக்கொண்டே சடையன் மையை எடுத்து வைத்துக்கொண்டான். பழக்கதோஷம்.

மந்திரவாதியின் கண் விரிந்தது. "டேய்! எங்கடா போனே?" காற்றைத் துழாவினான். ஆள் இங்கேதான் இருப்பான் என்று எட்டிப் பிடித்தான். பிடித்தது கள்ளியை. "ஐயோ! ஐயோ!"

சடையன் வயிறு வலிக்கச் சிரித்தான். அந்தச் சிரிப்பும் மந்திரவாதிக்குக் கேட்கவில்லை. பிறகு பாதைக்கு வந்து வெள்ளையம்மாவை மூன்று முறை சுற்றிச் சுற்றி நடந்தான். அவள் பாட்டுக்குப் போனாள். இனி யாருக்கும் பயமில்லை என்று பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

வாசலில் மயிலி நின்றாள்.

"மயிலி, அப்பா வந்துட்டேன்."

அவள் தெருக்கோடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மயிலி! இங்கே பாரும்மா!"

ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான். அவளோ, காற்றடிக்கிறது என்று பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

சடையனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. போன பொங்கலுக்கு முன்னால் மகளின் வெள்ளிக் கொலுசைக் கழற்றி அடகு வைத்திருந்தான். 'நாளைக்கே மீட்டுத் தரேன் கண்ணு.' தினம் காலையில் அவள் கேட்பாள், தினம் காலையில் அவன் அதையே சொல்வான். சில மாதமாக அவள் கேட்பதில்லை. மறந்துவிட்டாள் என்று இருந்துவிட்டான்.

நெற்றியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தான், மை போகவில்லை. புளி போட்டுத் தேய்த்தான், போகவில்லை. மணல் போட்டுத் தேய்த்தான், தோல்தான் போனது.

இருட்டும்வரை பார்த்துவிட்டு மயிலி அழத் தொடங்கினாள். எதிர்வீட்டு வெள்ளையம்மாதான் வந்து அவளைக் கூட்டிப்போய்ச் சோறு போட்டாள்.

"அப்பா எங்கே பெரியம்மா?"

"என்னைப் பார்த்தாலே எங்கேயாவது ஓடுவான், அப்புறம் திரும்பிடுவான். நீ சாப்பிடு."

அவளுடைய நெல்லைத் தராதவன், அவள் வீட்டுச் சுவரோரம் நின்று இதைக் கேட்டான். ஒரு நாள் போனது. இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் வெள்ளையம்மா சொன்னாள்:

"உன் அத்தைக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன் கண்ணு. வெள்ளிக்கிழமை வண்டியோட வருவா. மலைக்கு அந்தப் பக்கம் அவ வீட்டிலேயே நீ இருக்கலாம்."

சுவரோரம் நின்ற சடையன் இதையும் கேட்டான். ஓடிப்போய்ப் பத்தாயத்தைத் திறந்து, நெல்லை மூட்டையாகக் கட்டி வெள்ளையம்மா வாசலில் வைத்தான். "யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்க" என்று அவள் அதைக் கோயில் வாசலில் கொண்டுபோய் வைத்து, உடையவர் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று தண்டோரா போடச் சொல்லிவிட்டாள். சேவலைப் பிடித்துக்கொண்டு மந்திரவாதியிடம் போனான். "யார் வீட்டுச் சேவலோ, ச்சூ! எனக்குச் சேவல் தரவேண்டியவன் வேற ஒருத்தன்" என்று அவன் விரட்டிவிட்டான். எனக்காக யாராவது பேசுங்களேன் என்று ஊருக்குள் போனால், குயவரிடம் ஒரு பானை, செக்குக்காரரிடம் ஒரு குடுவை எண்ணெய், பூக்காரியிடம் நாலு முழம் பூ, எல்லாம் கடன், எல்லாருக்கும் காசு நாளைக்கு! ஒருவர் கண்ணுக்கும் அவன் தெரியவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம். ஏரிக்கரையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"என்னய்யா, நெத்தியெல்லாம் தோலுரிஞ்சு கிடக்கு?"

நிமிர்ந்தான். வளையல் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஒருத்தி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நாகு என்று பெயர், வெளியூர்க்காரி. ஒரு மனுஷக்குரல் தன்னிடம் பேசிவிட்டதே என்று சடையன் குழந்தை மாதிரி அழுதுவிட்டான். எல்லாவற்றையும் சொன்னான்.

"எனக்காக நீதான் பேசணும் தாயி. உன் கூலியை நாளை—"

"ஐயய்யோ! உன் காலு எங்கேய்யா?"

குனிந்து பார்த்தான். அவனுக்குத் தெரிந்த கால் அவளுக்குத் தெரியவில்லை.

"இடுப்புக்கு வந்துடுச்சு! அந்த வார்த்தையை விழுங்குய்யா, விழுங்கு!"

சடையன் மடக்கென்று விழுங்கினான். கால் திரும்பி வந்தது.

"நல்லாயிருக்கே உன் வியாதி" என்றாள் நாகு. "கூலி முதல்ல, பேச்சு அப்புறம். இந்த மூட்டையைத் தூக்கு. ஒரு வளையல் உடைஞ்சாலும் நான் பேசமாட்டேன்."

தூக்கினான். பூ மாதிரித் தூக்கினான்.

முதலில் மந்திரவாதியிடம் போனார்கள். நாகு சேவலை நீட்டி, "சடையன் கொடுக்கறான், வாங்கிக்குங்க" என்றாள். "சரி" என்று அவன் வாங்கியதும் சடையன் அவன் கண்முன்னே நின்றான்.

"வாடா! என்னைக் கள்ளியைக் கட்டிப்பிடிக்க வச்சவனே!"

"சாமி, தப்புதான். இந்த மையை எடுத்துடுங்க."

"என்னால ஆகாது. யார் யாருக்குச் சொன்னியோ, அவங்க மனசார ஒரு 'சரி' சொல்லணும். ஒவ்வொரு சரிக்கும் மை கொஞ்சம் கொஞ்சமாக் கரையும். போ, போ."

பத்தாயத்து நெல்லோடு குயவரிடம் போனார்கள், சரி. செக்குக்காரரிடம் போனார்கள், சரி. பூக்காரி நாலு முழத்துக்கு நாற்பது வசவு வைதுவிட்டு, சரி.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கோயில் வாசலில் கிடந்த நெல்மூட்டையோடு வெள்ளையம்மா வீட்டுக்கு வந்தார்கள்.

"சடையன் நெல் அளக்கறான் அம்மா, பாருங்க" என்றாள் நாகு.

வெள்ளையம்மா பார்த்தாள். மரக்கால் அந்தரத்தில் நின்று தானாக நிறைந்தது. கடன் வாங்கும்போது தலைதட்டி அளப்பார்கள். திருப்பும்போது கூம்பாக அளப்பது ஊர் வழக்கம். சடையன் சரியச் சரியக் குவித்தான். ஒன்று. இரண்டு.

"சரி" என்றாள் வெள்ளையம்மா. மரக்காலும் கையுமாக அவன் தெரிந்தான்.

"ஏண்டா, இந்த நெல்லுக்கா இத்தனை நாள் என் மூஞ்சியைப் பார்க்கலே? இல்லேன்னு சொல்லியிருந்தா நான் உன்னைக் கடிச்சா தின்னிருப்பேன்?"

"இருந்துச்சு அக்கா. இருந்தும்தான் தரலே."

"தெரியும்டா. உன் பத்தாயம் என் வாசலிலேயிருந்து பார்த்தாலே தெரியுதே."

அவன் தலை குனிந்தான். அதற்குள் மணிச்சத்தம். அத்தையின் வண்டி வந்து நின்றது. துணிமூட்டையும் கையுமாக மயிலி வெளியே வந்தாள்.

ஊர்க்கடன் அடைத்ததில் பத்தாயம் காலி, கொலுசை மீட்கச் சடையனிடம் இப்போது எதுவும் மிச்சமில்லை. நாகு காதருகே வந்தாள். "அடுத்த வாரம் கொலுசு வந்துடும்னு சொல்லட்டுமாய்யா?"

"வேண்டாம். நான் சொல்றதை அப்படியே சொல்லு."

அவன் சொல்லச் சொல்ல, நாகு மயிலியின் எதிரில் உட்கார்ந்து சொன்னாள்.

"உன் கொலுசு இன்னும் அடகிலேதான் இருக்கும்மா. நாளைக்கு நாளைக்குன்னு அப்பா சொன்னது பொய். நீ கேட்கிறதை நிறுத்தினது அப்பாவுக்கு வசதியாப் போச்சு. எள்ளு அறுத்து வித்தாத்தான் மீட்க முடியும். அதுக்கு இன்னும் நாற்பது நாள் ஆகும்."

மயிலி யோசித்தாள். அத்தை வண்டியிலிருந்து, "ஏறுடி, வெயில் வருது" என்றாள்.

"நாளைக்கு இல்லையா?" என்று மயிலி கேட்டாள்.

"நாளைக்கு இல்லேம்மா."

"நான் ஒண்ணும் மறக்கலே. கேட்டா அப்பா மூஞ்சி வாடிப்போகுது. அதான் கேட்கலே."

சடையன் வாயைப் பொத்திக்கொண்டான். அவன் அழுதாலும் அவளுக்குக் கேட்காது என்பதை மறந்துவிட்டான்.

மயிலி விரலை மடக்கி மடக்கி எண்ணிப் பார்த்தாள். நாற்பதுக்கு விரல் போதவில்லை.

"சரி" என்றாள்.

கடைசிப் பொட்டு மையும் கரைந்து மூக்கோரமாக வழிந்தது. அப்பன் எதிரே நின்றான்.

"அப்பா! நெத்தி ஏன் உரிஞ்சிருக்கு?"

சடையன் குனிந்தான். அப்படியே தூக்கிக்கொண்டான். கழுத்தை இறுகக் கட்டிக்கொண்ட பிள்ளையின் சூடு, மூன்று நாள் பட்டினி கிடந்தவனுக்குச் சோறு மாதிரி இருந்தது. அத்தை மட்டும், "இதுக்கா என்னை மலை ஏறி இறங்க வச்சீங்க?" என்று திட்டிக்கொண்டே வண்டியைத் திருப்பினாள். திட்டும்போதே சிரித்துவிட்டாள். வண்டி போனது.

வெள்ளையம்மா மரக்காலின் கூம்பை மட்டும் முறத்தில் வழித்தாள். "கூம்பு எனக்கு மிச்சம்தானே? இந்தா நாகு, இதுக்குப் பிள்ளைக்கு ரெண்டு கையிலேயும் வளையல் போடு."

"கையைத் தளர விடும்மா" என்று நாகு பச்சை வளையல் ஆறு ஏற்றினாள். நெல்லை முந்தானையில் முடிந்தாள்.

"உனக்கு நான் என்ன தாயி தரணும்?" என்றான் சடையன்.

"கூலிதான் முன்னாலேயே கொடுத்துட்டியே. எனக்கும் உனக்கும் கணக்கு நேராச்சு. மூட்டையை மட்டும் தூக்கி விடு."

தூக்கிவிட்டான். வெள்ளையம்மா மயிலியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள், மகளைப் பார்த்தபடியே சடையனும் பின்னால் போனான். நாகு தலைச்சுமையை ஒரு கையால் பிடித்து, மறு கையை வீசிக்கொண்டு, 'வளையலோ வளையல்' என்று கூவியபடி அடுத்த ஊர்ப் பாதையில் நடந்துபோனாள்.