ரெண்டு கோடு, ஒரு கொக்கி

“டீச்சர், இதை அழிக்கணும்.”

ஆவுடையப்பன் மேஜைமேல் ஒரு பென் டிரைவை வைத்தார்.

அம்பாசமுத்திரம் கடைத்தெருவில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி. எட்டு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி. கனி டீச்சர் ஒரு பழைய கீபோர்டின் பொத்தானையெல்லாம் பிடுங்கித் தட்டில் போட்டு, பல் தேய்க்கிற பிரஷால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். காலை வகுப்புப் பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

“சாப்பிட்டியளா அண்ணாச்சி?”

“ஆச்சு.”

ஆகவில்லை. டீச்சருக்கும் அது தெரிந்தது. கேட்கவில்லை.

ஆவுடையப்பனுக்கு வயது அறுபத்தொன்று. டீச்சருக்கு முப்பத்துநாலு. குருவென்றால் நரைத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் வேலை பார்த்து, ஊரில் உள்ள அத்தனை வீட்டிலும் மணி அடிக்க வைத்தவர், ஓய்வு பெறுவதற்கு ஏழு வருஷம் முன்னாலேயே இந்த மாடிப்படி ஏறி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து கற்றுக்கொண்டார். கற்றதை வைத்துச் சொந்தமாக ஒரு இணையதளம் கட்டினார். யாரோ செய்து தந்ததை வாங்கி ஒட்டவில்லை. ஒவ்வொரு வரியும் தன் கையால் அடித்தது. அதற்கு ‘ஆவுடையப்பன் டைரி’ என்று பெயர் வைத்தார்.

“அழிக்கத் தெரியாதா உங்களுக்கு?”

“தெரியும். கை போகமாட்டேங்கு.”

“அதுக்கு எங் கை வேணுமா?”

“ஆமா.”

டீச்சர் ஒரு பொத்தானை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இன்னும் அழுக்கு இருந்தது. மறுபடி துடைத்தார்.

“ஏன் அழிக்கணும்?”

“யாரும் படிக்கதில்ல டீச்சர். ஏழு வருஷம். எத்தனை பேரு வந்தாங்கன்னு எண்ண நானே ஒரு கவுண்டர் எழுதி வச்சேன். மூவாயிரத்துச் சொச்சம் காட்டுச்சு. நான் வந்ததையெல்லாம் நேத்து கழிச்சிட்டுப் பாத்தேன்.”

“எவ்வளவு?”

“பதினொண்ணு.”

“பரவால்லயே.”

“அதுல ஒம்பது மனுசனே இல்ல. ஊரூரா சுத்திக் கணக்கெடுக்கிற மெஷினு. ஒருத்தன் எங்கயோ போற வழியில தப்பா வந்திருக்கான். ரெண்டு செகண்டுல ஓடிட்டான்.”

“மீதி ஒண்ணு?”

“நீங்க. கிளாஸில காட்டினேனே, அன்னைக்கு.”

டீச்சர் சிரிக்கவில்லை. பிரஷைக் கீழே வைத்தார். கையை முந்தானையில் துடைத்துவிட்டு, தளம் முழுக்க இருந்த அந்தப் பென் டிரைவைச் செருகினார்.

“அழிக்கதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சிருதேன்.”

ஏழு வருஷத்து டைரியைப் படித்து முடிக்க டீச்சருக்குக் கால்மணி நேரம் ஆனது.

“எழுத்துரு மாற்றப்பட்டது. இனி கண்ணுக்கு இதமாக இருக்கும்.”

“மெனு இடப்பக்கத்திலிருந்து மேலே ஏற்றப்பட்டது.”

“பின்னணி நிறம் வெளிர்பச்சை ஆக்கப்பட்டது.”

“வெளிர்பச்சை சரியில்லை. பழைய நிறம் திரும்ப வைக்கப்பட்டது.”

“தளம் முழுவதும் புதிதாக எழுதப்பட்டது. இனி தினமும் எழுதலாம்.”

டீச்சர் அந்த இடத்தில் நின்றார்.

“இனி தினமும் எழுதலாம்னு எத்தனை தடவை எழுதியிருக்கிய அண்ணாச்சி?”

“ஆறு இருக்கும்.”

“வீடு கட்டிக்கிட்டே இருக்கிய. குடி போகவே இல்ல.”

ஆவுடையப்பன் மின்விசிறியைப் பார்த்தார். அதில் ஒரு இறக்கை லேசாக வளைந்திருந்தது. இத்தனை வருஷம் அது கண்ணில் பட்டதே இல்லை. இப்போது அதைத் தவிர வேறொன்றும் படவில்லை.

“கோமதியக்கா தவறினது என்னைக்கு?”

அவர் மின்விசிறியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

“போன வருஷத்துக்கு முந்தின வருஷம். ஆகஸ்ட் இருவத்தேழு.”

டீச்சர் அந்தத் தேதிக்குப் போனார். தன் மனைவி இறந்த நாளில் ஒரு மனிதன் டைரியில் என்ன எழுதியிருப்பான் என்று யாருக்கும் பார்க்கத் தோன்றும்தானே.

“ஆகஸ்ட் 27, காலை 11:40. தேதிகள் தலைகீழாக வரிசையாகி வந்தன. சரிசெய்யப்பட்டது.”

அவ்வளவுதான்.

அடுத்த குறிப்பு அக்டோபரில். அதுவும் தளம் புதிதாக எழுதப்பட்டதைப் பற்றி.

“உள்ள பாக்கலாமா?” என்றார் டீச்சர்.

“உள்ள என்ன இருக்கு, வெறும் கோடிங்தான்.” ஆவுடையப்பன் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். “வேண்டாம் டீச்சர். நேரமாகுது. அழிச்சிருங்க.”

டீச்சர் திறந்துவிட்டார்.

இணையப் பக்கத்துக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று ரெண்டு உண்டு. துணியில் பூவேலை செய்தால் பின்னால் நூல் முடிச்சு இருக்குமே, அந்த மாதிரி. அந்தப் பின்பக்கத்தில், எழுதுகிற ஆள் தனக்குத்தானே ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளலாம். வரிக்கு முன்னால் ஒரு கொக்கி, ஒரு ஆச்சரியக்குறி, ரெண்டு கோடு. வரிக்குப் பின்னால் ரெண்டு கோடு, ஒரு கொக்கி. நடுவில் என்ன எழுதியிருந்தாலும் மெஷின் அதைத் தாண்டிப் போய்விடும். பக்கத்தில் தெரியாது.

சொல்லிக் கொடுத்தது டீச்சர்தான். ‘ஏன் செஞ்சோம்னு பின்னால உங்களுக்கே மறந்துபோகும் அண்ணாச்சி. ஒரு வரி எழுதி வச்சுக்கிடுங்க.’

அந்த ஆகஸ்ட் குறிப்புக்குக் கீழே, கொக்கிக்கும் கொக்கிக்கும் நடுவில் இப்படி இருந்தது:

“இதைச் சரிசெய்யும்போது கோமதி அடுக்களையிலிருந்து கூப்பிட்டாள். ஒரு நிமிஷம் என்றேன். திரும்பவும் கூப்பிட்டாள். ஒரு நிமிஷம் என்றேன். மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. தேதி சரியாக வந்துவிட்டது.”

கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ நிறையப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“சந்தோஷமா எந்திரிச்சுப் போனேன் டீச்சர்,” என்றார் ஆவுடையப்பன். “அவகிட்ட சொல்லணும்னுதான் போனேன், தேதி சரியா வந்துட்டுன்னு.”

டீச்சர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

“சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தா. மடியில அரிஞ்ச வெண்டைக்கா. கோவத்துலதான் பேசாம இருக்கான்னு நெனச்சேன். நானும் வீம்புக்குக் கொஞ்ச நேரம் அப்படியே நின்னேன்.”

அவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“டாக்டர் என்னையக் குறை சொல்லல. எத்தனை மணிக்குன்னு மட்டும் கேட்டாரு. பதினொண்ணு நாப்பதுன்னேன். இவ்வளவு கரெக்டா எப்படிச் சொல்லுதியன்னு கேட்டாரு. என்னத்தச் சொல்ல. தளத்துல விழுந்திருக்கே நேரம்.”

“அமெரிக்காவில இருக்கிற மகளுக்குத் தெரியுமா?”

“எம் மகளுக்கா? அம்மா தூக்கத்துல போயிட்டான்னு சொல்லியிருக்கேன்.”

“பகல் பதினொண்ணு நாப்பதுக்கா?”

“அவளும் அதைக் கேக்கல. நானும் சொல்லல.”

டீச்சர் திரையை ஒரு தடவை பார்த்தார்.

“அக்கா போனதுக்குப் பொறவு மூணு தடவை தளத்தையே புதுசா எழுதியிருக்கிய. பழசெல்லாம் போயிட்டு. மெனு போச்சு, நிறம் போச்சு. இந்த வரி மட்டும் மூணு தடவையும் கூடவே வந்திருக்கு. தெரியாம வந்துச்சா?”

“இல்ல.”

“நீங்கதான் எடுத்து வச்சியளா?”

“ஆமா.”

“யாரும் படிக்கலன்னு சொன்னிய.”

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். போடாமல் கையில் வைத்துக்கொண்டார்.

“முடியல டீச்சர். காலையில எந்திரிக்கேன். கம்ப்யூட்டர் முன்னால உக்காருதேன். எதையாவது சரி பண்ணுதேன். சரியா இருக்கிறதையும் பிரிச்சுப் போட்டுச் சரி பண்ணுதேன். சாயங்காலம் ஆயிருது. ரெண்டு வருசமா அந்த வீட்டுல எனக்கு வேற வேலையே இல்ல. இது போயிட்டா நானும் சும்மா கெடப்பேன். அழிச்சிருங்க.”

டீச்சர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். கீபோர்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

“உக்காருங்க. அழிங்க.”

“எதை?”

“முன்னால ஒரு கொக்கி, ஆச்சரியக்குறி, ரெண்டு கோடு. பின்னால ரெண்டு கோடு, ஒரு கொக்கி. அதை மட்டும்.”

ஆவுடையப்பன் கண்ணாடியைப் போட்டார். டீச்சர் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தார். டீச்சர் தட்டு இருந்த பக்கம் போய், துடைத்த பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பழைய கீபோர்டில் பொருத்த ஆரம்பித்தார். டக். டக்.

பின்னால் இருந்ததை முதலில் அழித்தார். மூன்று தட்டு.

பிறகு முன்னால். நாலு தட்டு.

பக்கத்தைத் திரும்பத் திறந்தார்.

கோமதி அடுக்களையிலிருந்து கூப்பிட்டது முன்பக்கத்துக்கு வந்திருந்தது. இத்தனை வருஷம் தேடித் தேடி அவர் வைத்த எழுத்துருவில், அவர் பார்த்துப் பார்த்து வைத்த நிறத்தில், ஒரு முழுப் பத்தியாக.

அவர் படித்தார். தான் எழுதியதுதான். ஆனாலும் முதல் தடவை படிக்கிற மாதிரி, உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். ‘மூன்றாவது தடவை’ வரைக்கும் போனார். அதற்கு மேல் போகவில்லை.

கண்ணைத் துடைத்தார். மூக்கை உறிஞ்சினார். திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

“எழுத்து பொடிசா விழுந்திருக்கு டீச்சர்,” என்றார். குரல் ஒரே அடியாகத் தெளிந்திருந்தது. “ஓரத்துல இடைவெளியும் சரியில்ல. வரி போய் மெனுவுல முட்டுது.”

கை கீபோர்டுக்குப் போனது.

“ஒரு நிமிஷம். சரி பண்ணிருதேன்.”

டீச்சர் கையில் இருந்த பொத்தானைப் பொருத்தவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“அண்ணாச்சி,” என்றார். “அக்கா கூப்பிடுதாங்க.”

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. ஆவுடையப்பன் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.