ஒன்பதாவது அசைவு

தேனியில் ஜெயக்கொடி மாஸ்டரின் கராத்தே கூடத்தைப் பதினோரு வருசமாகப் பெருக்கி வந்தவர் சீனிச்சாமி. சாகுமுன் ஒரு நாளாவது பிள்ளைகளோடு பயிற்சி வரிசையில் நின்றுவிட வேண்டும் என்று அவருக்கு ஏக்கம். கேட்டால், "விளக்குமாறு பிடிச்ச கைக்கு இதெல்லாம் எதுக்குய்யா?" என்று மாஸ்டர் சிரிப்பார்.

ஜெயக்கொடிக்குக் கற்றுக்கொடுத்த பெரிய மாஸ்டர் சென்னையிலிருந்து வந்த அன்றும் சீனிச்சாமி கேட்டார். ஜெயக்கொடிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அடியும் தடுப்பும் கோத்துச் செய்யிற கட்டாவில் இருபது அசைவு. எது தடுப்பு, எது அடி, எதுக்காகன்னு எனக்குத் தெரியாத ஒண்ணைச் சொல்லு. சொல்லிட்டா வரிசையில் நில்லு."

"ஒன்பதாவதுல, தடுத்துட்டுக் குத்துறதுக்கு முன்னால இடது காலைச் சுத்தி வைக்கிறீங்களே, அது எதுக்குங்க?"

"பின்னால் வர்றவன் காலை வாராமல் இருக்க. ரகசிய வித்தை."

பெரிய மாஸ்டர் புருவத்தைச் சுருக்கினார். "எங்க கட்டாவில் அது இல்லையே."

"இருக்காதுங்க. ஆறு வருசம் முன்னால இங்கே கூரை ஒழுகுச்சு. மாஸ்டர் நிக்கிற இடத்துக்குப் பக்கத்துல வாளி வெச்சேன். அதை இடிக்காம அவர் காலைச் சுத்தி வெச்சார், பார்த்துப் பிள்ளைங்களும் வெச்சாங்க. ஓட்டை அடைச்சதும் வாளியை எடுத்துட்டேன். கால் மட்டும் இன்னும் சுத்துது."

கூடமே சிரித்தது. ஜெயக்கொடி தரையைப் பார்த்தபடி, "சரி, நாளைக்கு வந்து நில்லு" என்றார்.

"நாளைக்குன்னா எனக்கு இன்னும் ஒரு நாள் வயசாயிடும் சார்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் கடைசி வரிசையில் போய் நின்றார் சீனிச்சாமி.