கதவு மறைத்த சுவர்

காயல்பட்டினத்து மகுதூம் லெப்பைக்கு ஐம்பது தாண்டிய பிறகு ஒரு கிறுக்குப் பிடித்தது. கப்பல்காரர்கள் பருவக்காற்றுக்குச் சொல்லும் பெயரின் வேரைத் தோண்டக் கிளம்பிவிட்டார். வயதில் இளையவரான உவைஸ் ஆலிம்தான் அவருக்குக் குரு; லெப்பையை அண்ணன் முறை வைத்து 'காக்கா' என்றே கூப்பிடுவார். பாடம் கேட்ட நேரம் போக மிச்ச நேரமெல்லாம் துறைமுகத்தில் வருவோர் போவோரைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அவருடைய ஒரே மகன் மலாக்காவில் ஜவுளிக்கடை வைத்திருந்தான். அங்கிருந்து வரும் கப்பலில் எல்லாம், உம்மாவும் வாப்பாவும் வந்து தன்னோடு இருக்கவேண்டும் என்று சொல்லியனுப்புவான். மலாக்காவுக்குக் கப்பல் போகிற காற்று எழும்பும்போது லெப்பை, "அடுத்த காத்துக்குப் பாக்கலாம்" என்பார்.

அந்த வருஷமும் காற்று திரும்பியது. லெப்பை குருவிடம் வந்தார்.

"ஆலிம்சா, வெள்ளைக்காரன் மான்சூன்ங்கிறான். மலாய்க்காரன் மூசிம்ங்கிறான். எல்லாம் அரபியிலே இருக்கிற மவ்சிம்தான்."

"அப்படின்னா?"

"பருவம். இன்னும் தோண்டினா, அடையாளம் போடுறது. ஒட்டகத்துக்குச் சூடு போடுவாங்களே, அந்த வேரு."

"அப்புறம் என்ன காக்கா, முடிஞ்சுதே."

"எங்கே முடிஞ்சுது? காத்து வருது, போவுது. அதுக்கு யாரு அடையாளம் போட்டா? எதுமேலே போட்டா? துறைமுகத்திலே ஒருத்தருக்கும் தெரியலே. அது தெரியாம நான் இந்த ஊரைவிட்டு நகர்றதா இல்லே."

ஆலிம் செருப்பை மாட்டிக்கொண்டார். "வாங்க, உங்க வீடு வரைக்கும் போயிட்டு வரலாம்."

வீட்டுக்குள் நுழைந்ததும் ஆலிம் தெருக்கதவைச் சாத்தினார்; முன்பு லெப்பையைத் தேடி வந்த ஒருநாள் அதன் பின்னாலிருந்த சுவரை அவர் பார்த்திருந்தார். பகலெல்லாம் திறந்தே கிடக்கும் கதவு அது. இரவில் சாத்துவதும் லெப்பையின் மனைவிதான். கதவு மறைத்திருந்த சுவரில் வரிசையாகக் கரிக்கோடுகள் இருந்தன.

"இதை யாரு போட்டது?" என்று லெப்பை கேட்டார்.

உள்வாசல் திரைக்குப் பின்னாலிருந்து மனைவி செய்னம்பு பதில் சொன்னாள். "நாந்தான். மவன் கூப்பிட்டும் நாம போவாத காத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு கோடு."

லெப்பை கோடுகளை விரலால் தொட்டு எண்ணினார். "எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"ஊரையெல்லாம் கேட்டீங்க. என்னை எங்கே கேட்டீங்க?"

ஆலிம் சுவரை இன்னொரு தடவை பார்த்தார். "இந்த வருஷத்துக் கோட்டைக் காணோமே?"

"இனிமே போடமாட்டேன் ஆலிம்சா. என் தம்பி கப்பல் சாயங்காலம் பாய் விரிக்குது. மூட்டை கட்டியாச்சு. இவங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி, நான் எம்மவன்கிட்ட போறேன்."

லெப்பை திரையோரம் இருந்த மூட்டையைப் பார்த்தார். ஒரு மூட்டைதான் இருந்தது. பழக்கதோஷம், வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆலிம்சா, என் ஆராய்ச்சியிலே இன்னும் கொஞ்சம்தான் பாக்கி..."

ஆலிம் குனிந்து, சுவரோரம் கிடந்த கரித்துண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"சுவத்திலே இடம் இருக்கு, காக்கா. இங்கேயே இருக்கிறதா இருந்தா, இந்த வருஷத்துக் கோட்டை நீங்களே போட்டுடுங்க."